அரண்மனையில் அணைந்த விளக்குகள்

விமல்ராஜின் ஆட்டோ வேங்கிக்காலுக்குள் நுழைந்தபோது ஒரு பசுமாடு அதை முந்திக்கொண்டு போனது. உள்ளே ஒன்பது மாதக் கர்ப்பிணி உட்கார்ந்திருந்ததால் அவ்வளவு நிதானம். செங்கம் ரோட்டில் ஏறும்போது அவளுக்கு எட்டு மாதம்தான் என்று பிற்பாடு விமல்ராஜே சொன்னான்.

ஆட்டோ நின்றது அப்பாசாமியின் வீட்டு வாசலில். காணாமல் போன கோப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் அவர் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷம் பார்த்த வேலை. அவர் ஓய்வு பெற்றதும் அங்கே கோப்புகள் தொலைவதே நின்றுவிட்டது. தேடி வர ஆள் இல்லை என்ற ஏக்கத்தில் அவை அப்படியே அடங்கிவிட்டன என்று கேள்வி. ஒருமுறை திருட்டுப்போன எருமையை எருமையிடமே விசாரித்து மீட்டவர் அவர். எருமை கடைசிவரை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவில்லை, அது வேறு விஷயம்.

"சார், கேஸ்!" என்று கத்தியபடி விமல்ராஜ் உள்ளே ஓடினான். அப்பாசாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அந்தப் பொண்ணுக்கு நாற்காலி போடுடா. கேஸ் நின்னுக்கிட்டே இருக்கும், அது பரவாயில்ல."

அவள் பெயர் ஆர்த்தி. ரமணாசிரமம் பக்கத்தில் மாமனார் நடத்தும் விருந்தினர் விடுதியிலேயே குடித்தனம். விடுதியின் மாடி அறையில் ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடந்துவந்தது. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலக் காப்பியத்தை வரிவரியாகப் படிக்கும் வகுப்பு. நடத்துபவர் சந்திரகலா, கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருபவர்.

"பத்துக் காண்டம் ஐயா. ஒன்பது முடிஞ்சிடுச்சு. பத்தாவது போன ஞாயித்துக்கிழமை படிக்கணும். போய்ப் பார்த்தா மாடி அலமாரியில இருந்த புஸ்தகத்தைக் காணோம்."

"போன்ல கிடைக்காதாம்மா?"

"கிடைக்குது. கடைசிக் காண்டம் மட்டும் எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு, ஒரு எழுத்து தெரியல. மேடம் கிட்ட இருக்கிறது பழைய பிரதி. ஓரத்துல அருஞ்சொற்களுக்கெல்லாம் தமிழ்ல அர்த்தம் எழுதி வெச்சிருப்பாங்க."

"முடிவு அவங்களுக்குத் தெரியுமே. வாயால சொல்லச் சொல்லேன்."

"கேட்டேன். காப்பியத்தைச் சுருக்கிச் சொல்றது, பசின்னு வந்தவங்களுக்கு ஏப்பம் விட்டுக் காட்டுற மாதிரின்னுட்டாங்க."

அப்பாசாமிக்கு அந்த அம்மாளைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

கதையையும் ஆர்த்தியே சொன்னாள். ஒரு தீவின் அரசன். தம்பியின் சூழ்ச்சியால் கடலில் அலைகிறான். இரண்டாம் காண்டத்திலேயே அரண்மனை எரிந்து சாம்பலாகிவிடுகிறது. நிறைமாத ராணி கடற்கரையில் நாணல் குடிசை போட்டுக்கொண்டு, விளக்குக்கு எண்ணெய் வாங்கக்கூட வழியில்லாமல், நிலா வெளிச்சத்தில் காத்திருக்கிறாள்.

"நாளைக்கு எனக்கு வளைகாப்பு. முடிஞ்ச கையோட தருமபுரிக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ராணிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எப்படி ஐயா பிரசவத்துக்குப் போவேன்? அவளும் என்னை மாதிரிதானே. பாதி மனசு அந்தக் குடிசையிலேயே கிடக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "வீட்ல இதைச் சொன்னா பைத்தியம்னுவாங்க. மாமா வேற ஒரு வாரமா ஆஸ்பத்திரிக்கு மேல ஆஸ்பத்திரியா போன் பண்ணி, ரத்தம் ரெடியா இருக்கா, பெரிய டாக்டர் ஊர்ல இருக்காரான்னு விசாரிச்சுட்டே இருக்கார்."

உரித்துக்கொண்டிருந்த கடலையை அப்பாசாமி கீழே வைத்தார். அவரிடம் இது பெரிய அதிர்ச்சிக்கு அடையாளம்.

"வண்டியை எடு விமலு. இந்தத் தடவை மாட்டை முந்து."

விடுதி வாசலில் ஒரு ஜெர்மன்காரர் தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். "தண்ணி நோ" என்றார் துயரத்துடன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மோட்டார் ரூம் சாவியைக் காணவில்லையாம். பூட்டை உடைக்கலாம் என்றால் விடுதி முதலாளி மணிவேல் விடவில்லையாம். வேளைக்கு இரண்டு பக்கெட் வெளியிலிருந்து வருகிறது.

மாடி அறையில் சந்தேகத்துக்குரியவர்கள் நான்கு பேர். விமல்ராஜ் ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாகச் சந்தேகப்பட்டு, நான்கிலும் உறுதியாக இருந்தான்.

முதலில் ஆர்த்தியின் மாமியார் அருணாதேவி. கர்ப்பிணி காதில் சாவு, சண்டை எதுவும் விழக்கூடாது என்பது அவர் கட்சி. போர்க்களம் வந்தாலே, "ஊறுகாய் ஜாடியை மூடினேனான்னு பாத்துட்டு வாம்மா" என்று மருமகளைக் கீழே அனுப்பிவிடுவார். ஐந்தாம் காண்டம் முழுக்கப் போர். அந்த மாதம் ஆர்த்தி ஊறுகாய் ஜாடியை மூடியதில் மூடியே தேய்ந்துவிட்டது.

இரண்டாமவர் சோமேஷ், அண்ணாமலையார் கோயில் அர்ச்சகர் குடும்பத்து இளைஞர். எந்தப் பாராயணத்தையும் மங்களத்தோடுதான் முடிக்கவேண்டும், கடைசிக் காண்டத்துக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். மூன்றாவது, சந்திரகலாவேதான். "தன் புஸ்தகத்தைத் தானே ஒளிச்சு வெச்சா யாரு சார் சந்தேகப்படுவாங்க?" என்றான் விமல்ராஜ். நான்காவது மணிவேல், ஆர்த்தியின் மாமனார். விவசாயத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நான் அந்த வகுப்புக்கே வந்ததில்லைங்க" என்றார் மணிவேல், கேட்பதற்கு முன்பே.

"ஆமாமா, வந்ததில்ல" என்றார் அருணாதேவி. "வகுப்பு ஆரம்பிச்சா மாடிப்படியில சுத்தியலோட உக்காந்துப்பார். இந்தப் படிக்கட்டு மாதிரி ரிப்பேர் ஆன படிக்கட்டு இந்த ஜில்லாவுலயே கிடையாது. ஒரு ஞாயிறுதான் கேப் விட்டார், போளூர்ல என் தம்பி பொண்ணு கல்யாணம்."

"அன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டார் அப்பாசாமி.

"நீள உவமை" என்றார் சந்திரகலா. "அது தெரியாம காப்பியம் படிக்க முடியாதுங்க."

அப்பாசாமி தலையாட்டினார். பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "கதை எப்படி முடியும்னு நினைக்கிறீங்க?"

"அரசன் திரும்பி வருவார், பட்டாபிஷேகம் நடக்கும்" என்றார் சோமேஷ்.

"அந்தத் தம்பி கடங்காரனை முதலை முழுங்கும்" என்றார் அருணாதேவி.

சந்திரகலா வாயில் விரலை வைத்துக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் மணிவேல், ஜன்னல் பக்கம் திரும்பியபடி. "வெள்ளைக்காரன் எழுதுனது, அழுகையிலதான் முடியும். அரண்மனையில விளக்கை ஒண்ணொண்ணா அணைப்பாங்க, ராஜா வாசல்ல நிப்பான், வேற என்ன பெரிசா?"

சந்திரகலாவின் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அப்பாசாமி அதைக் கவனித்ததை விமல்ராஜ் கவனித்தான். எதைக் கவனித்தார் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"கண்டுபிடிச்சுட்டேன் சார்" என்றான் அவசரமாக. "அம்மாதான்! ஊறுகாய் ஜாடிக்குள்ள புஸ்தகம்!"

"போடா, எண்ணெய் வீணாயிடும்" என்றார் அருணாதேவி.

அப்பாசாமி எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"இதை எடுத்தவருக்குப் புஸ்தகம் தேவையில்ல, பத்தாம் காண்டம் நடக்கக்கூடாது, அவ்வளவுதான். ஏன்? அதை முன்னாடியே படிச்சுப் பயந்துட்டார். அருணாதேவியம்மா பயப்படுறவங்கதான், ஆனா முதலைக்காகக் காத்துட்டு இருக்காங்க. முடிவைப் படிச்சவங்க காத்திருக்க மாட்டாங்க. சோமேஷ் பட்டாபிஷேகத்துக்கே நாள் பார்த்துட்டார். மேடம் கதையை இருபது வருஷமா படிக்கிறாங்க, புதுசா பயப்பட ஒண்ணுமில்ல." அவர் மணிவேல் பக்கம் திரும்பினார். "அரண்மனை ரெண்டாம் காண்டத்துலயே எரிஞ்சுபோச்சுங்க. ராணி குடிசையில இருக்கா, ஒரு விளக்குக்குக்கூட வக்கில்லை. அப்புறம் அரண்மனை விளக்கை நீங்க எங்க பார்த்தீங்க?"

அப்பாசாமி சந்திரகலா பக்கம் திரும்பினார்.

"மேடம், அந்த விளக்குகள் எங்க வருது?"

"பத்தாம் காண்டத்துல. ஒரே ஒரு இடத்துல" என்றார் சந்திரகலா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டியது. "ஐயோ, மணிவேல் சார்!"

"சிரிக்காதீங்க மேடம்!" மணிவேலுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "நீங்க சொன்ன மாதிரிதான் படிச்சேன். வாக்கியம் எவ்ளோ நீளமா இருந்தாலும் பயப்படாதே, யாரு, என்ன பண்ணாங்கன்னு ரெண்டு கேள்வி கேளுன்னீங்க. கேட்டேன். யாரு? ராணி. என்ன பண்ணா? பிரசவத்துல..." மருமகளைப் பார்த்தவர் மீதியை விழுங்கினார். "தாதிகள் விளக்கை அணைக்கிறாங்க. ராஜா வாசல்ல நிக்கிறான். ஓரத்துல நீங்க 'ஆகா'னு எழுதி ரெண்டு கோடு வேற போட்டு வெச்சிருக்கீங்க! ஒரு பொம்பளை சாவறா, உங்களுக்கு ஆகாவா? இதை என் மருமகள் கேட்டுட்டு பிரசவத்துக்குப் போறதா? அதான் அப்படியே மூடிட்டேன்."

ஆர்த்தி மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக ஆஸ்பத்திரிகளுக்குப் போன போன்களெல்லாம் ஒன்றொன்றாக அவள் முகத்தில் வந்து போயின.

"முந்தின பக்கத்துல இருந்து படிச்சீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார் சந்திரகலா.

"இல்ல. புரட்டுனதுமே அந்தப் பக்கம்தான் வந்துச்சு."

"அது நம்ம ராணி இல்ல சார். அங்க சாயங்காலம் ஆகுது. சூரியன் கடல்ல இறங்குது. எப்படி இறங்குச்சுன்னு சொல்றதுக்கு, பேரே இல்லாத வேற ஒரு ராணியைக் கூட்டிட்டு வர்றான் கவிஞன். பதினாலு வரி அவ கதையைச் சொல்லிட்டு, அது மாதிரி சூரியன் அணைஞ்சுதுன்னு முடிக்கிறான். காப்பியத்துல உவமை கிரிவலம் போற மாதிரி. கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். நீங்க பாதி வழியில உக்காந்துட்டு, இதுதான் வீடுன்னு நினைச்சுட்டீங்க."

"அப்போ வெறும் சூரியனா?" என்றார் மணிவேல்.

"வெறும் சூரியன்தான்."

"பொழுது சாஞ்சுதுன்னு சொல்றதுக்கு ஒரு பொம்பளையைச் சாகடிக்கிறதா? ரெண்டு வார்த்தையில முடிய வேண்டிய சங்கதி!"

"நீங்க விவசாயத் துறையில எழுதின ரிப்போர்ட்டெல்லாம் ரெண்டு வார்த்தைதானா?" என்றார் அருணாதேவி. மணிவேல் மடியிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து விமல்ராஜிடம் கொடுத்தார்.

புத்தகம் மோட்டார் ரூமில், வெள்ளை வேட்டியில் சுற்றி, ஈரம் படாமல் ஸ்டூல் மேல் பத்திரமாக இருந்தது. விமல்ராஜ் போன வேகத்தில் மோட்டாரையும் போட்டுவிட்டான். கீழே ஜெர்மன்காரர் எழுப்பிய ஆனந்தக் கூச்சலைக் கேட்டு, மலை சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் யாருக்கோ முக்தி கிடைத்துவிட்டதாக நினைத்துக் கும்பிட்டார்கள்.

"இன்னிக்கே படிச்சுடலாமா?" என்றார் சந்திரகலா. எல்லோரும் அருணாதேவியைப் பார்த்தார்கள். மருமகளைக் கீழே அனுப்பும் வழக்கம் அவருடையது.

அருணாதேவி மருமகளைப் பார்த்தார். "அந்தப் பதினாலு வரி வர்றப்போ ஊறுகாயைப் பாத்துட்டு வர்றியாம்மா?"

"இல்ல அத்தை. நான் இங்கயேதான் இருப்பேன். நீங்க என் கையைப் பிடிச்சுக்கங்க."

சந்திரகலா ஆங்கிலத்தில் ஒருமுறை ஓசைக்காகப் படித்தார், பிறகு தமிழில் பொருள் சொன்னார். மணிவேல் முதல்முறையாகப் படிக்கட்டை விட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கையில் சுத்தியல் இன்னும் இருந்தது.

அந்த இடம் வந்தது. சந்திரகலா குரலைத் தாழ்த்தி, ஒரு வரியும் விடாமல் படித்தார். விளக்குகள் அணைந்தன, அரசன் வாசலில் நின்றான், சூரியன் கடலுக்குள் போனது. அருணாதேவியின் பிடியில் ஆர்த்தியின் விரல்கள் சிவந்துவிட்டன. கதை அங்கிருந்து குடிசைக்குத் திரும்பியது. நிலா எழுந்தது. தொலைவில் ஒரு பாய்மரம் தெரிந்தபோது, நாணல் குடிசைக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாய் அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தே வந்தாள்.

ஆர்த்தி பெருமூச்சு விட்டாள். ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த மூச்சு அது, ஜன்னல் திரைச்சீலை ஆடியதை விமல்ராஜ் பார்த்தான். "பொழைச்சுட்டா" என்றாள். "நான் தருமபுரிக்குப் போறேன் அத்தை. இப்ப எனக்குப் பயமே இல்ல."

எல்லோரும் எழுந்துகொள்ளும்போது, மணிவேல் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நம்ம ராணி நல்லாத்தானே இருக்கா" என்றாள் ஆர்த்தி. "அது உவமைதான்."

"தெரியும்மா" என்றார் மணிவேல். "இருந்தாலும் அந்தப் பொண்ணு யாரோ, பாவம்."