சேமியாவின் எடை

கிண்ணம் காலியாக இருந்தது. பூனை பசியோடு இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்த பெனிட்டா, பனியில் நனைந்த ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று மாலை கிளம்பும்போது அறுபது கிராம் வேகவைத்த கோழியை உப்பில்லாமல் பிய்த்துப் போட்டிருந்தாள். கிண்ணம் கழுவிக் கவிழ்த்ததுபோலப் பளபளத்தது. பூனை சேமியாவோ அவள் முழங்காலில் முகத்தை இடித்து இடித்துக் கத்தியது. தூக்கித் தராசில் வைத்தாள். மூன்று கிலோ நூறு. மூன்று வாரத்துக்கு முன் மூன்று கிலோ எண்ணூறு இருந்தது.

"அக்கா, ராத்திரி இது வாந்தி கீந்தி எடுத்துச்சா?"

இருதயம்மாள் அக்கா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "இல்லியே புள்ள. நல்லாத்தான் தின்னுச்சு. நாந்தான பக்கத்துல இருந்து பாத்தேன். நீ மொதல்ல டீயக் குடி, கை ஐஸா இருக்கும்."

டீ இஞ்சி மணத்தோடு வந்தது. அக்கா எப்போதும் அப்படித்தான். எட்டு மாதத்துக்கு முன் தில்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில், இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் இரண்டு பெட்டிகளோடு நின்ற பெனிட்டாவின் கையைப் பிடித்து முனீர்க்காவில் இருந்த இந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். ஊர்ப் பங்குச் சாமியார் கொடுத்த போன் நம்பர், அவ்வளவுதான் அறிமுகம். முப்பது வருஷம் தில்லி ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெனிட்டாவுக்கு டெங்கு வந்தபோது ஒன்பது நாள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் பெனிட்டா அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

சேமியா பெனிட்டாவுக்கு முன்பே இந்த வீட்டில் இருந்தது. இதே அறையில் தங்கியிருந்த ருக்கு என்ற பெண் வளர்த்ததாம். துபாயில் வேலை கிடைத்ததும் பூனையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாளாம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசே கிடையாது" என்று அக்கா சொன்னபோது, முகம் தெரியாத அந்த ருக்குவின்மேல் பெனிட்டாவுக்குக் கோபம்கூட வந்தது.

பால்கனி முழுக்கப் புறாவலை. கதவுக்கு வெளியே இரும்பு கிரில். பூனைக்கு வெளியுலகமே கிடையாது. நவம்பரில் அது திரைச்சீலையைக் கிழிக்கவும் தன் வாலையே கடிக்கவும் தொடங்கியதால், பெனிட்டா அதை டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் சொன்னதைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, அக்காவுக்கும் வாசித்துக் காட்டினாள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பூனைக்கு வேட்டை இல்லாததுதான் வியாதி. சாப்பாட்டை மொத்தமாகக் கொட்டாமல், எடை பார்த்து, நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. காலையும் மாலையும் கால் மணி நேரம், குச்சியில் இறகு கட்டி, எலி ஓடுவதுபோல ஒளித்து ஒளித்து ஆட்ட வேண்டும்; அது பதுங்கி, இடுப்பை ஆட்டி, பாயும். விளையாடிய பிறகுதான் தீனி.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டாள். வழக்கத்தைவிடக் கவனமாகக் கேட்டாள்.

"வெறும் இறகையே தொரத்திட்டு இருந்தா அதுக்கு எரிச்சல் வராதா புள்ள?"

"வரும்க்கா. அதான் கடைசில பிடிக்க விடணும். நெசமாவே ஏதோ ஒண்ணு கைக்குச் சிக்கணும். அப்பத்தான் நிம்மதியாத் தூங்கும்."

"அச்சா" என்றாள் அக்கா. பிறகு, யாருக்கோ பதில் சொல்வதுபோல, "சரிதான்" என்றாள்.

ஜனவரியில் பனிமூட்டம் நாள் முழுக்க விலகவில்லை. பகலிலும் விளக்கெரிந்தது. இரவு டூட்டிகளுக்கு நடுவே பெனிட்டா பகலில் தூங்கினாள். தூக்கத்தின் அடியாழத்தில், சுவரில் ஈரத்துணியை மெல்ல இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். வீட்டு நடைபாதைக் கோடியில் பூட்டிக் கிடக்கும் மூன்றாவது அறையிலிருந்து வரும் சத்தம் அது. வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், அவருடைய சாமான்கள் என்று முதல் நாளே அக்கா சொல்லியிருந்தாள். கேட்டால், "எலிதான். கடைக்காரப் பையாட்ட மருந்து வாங்கி வைக்கச் சொல்லுதேன்" என்பாள்.

எலியென்றால் பூனை அங்கே காவல் கிடக்க வேண்டும். சேமியா அந்தப் பக்கமே போவதில்லை. நடைபாதையைத் தாண்ட நேர்ந்தால் சுவரோடு சுவராக வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு ஓடியது.

பிறகு இறகு. மாலையில் விளையாட்டுக் காட்ட எடுத்தால் இறகு நனைந்திருக்கும். ஒருநாள் பாதி இல்லை. மீதியில் ஒரு நாற்றம். வார்டில் ஆறு வருஷம் வேலை பார்த்த மூக்கு அதை உடனே அடையாளம் கண்டது. பல மாதங்களாகப் புரட்டிப் படுக்கவைக்காத நோயாளியின் முதுகுக்கு அடியில் வரும் நாற்றம். பெனிட்டா கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். தனக்குத் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று கிலோ நூறைக் கண்டதற்கு மறுநாள், மதிய டூட்டிக்குப் போன பெனிட்டாவை டூட்டி லிஸ்ட்டில் குளறுபடி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்கு போன் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு, பூனையை எடுத்துப் போக வீட்டுக்கு வந்தாள். மணி நாலரை. மாடிப்படியில் பனி புகைபோல நின்றது. தன் சாவியால் கதவைத் திறந்தாள்.

நடைபாதையில் விளக்கு இல்லை. கோடியில், பூட்டிய கதவுக்கு முன்னால், மூட்டுவலியால் தரையில் உட்காரவே முடியாது என்று சொல்லும் இருதயம்மாள் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் பூனையின் குச்சி. இறகைக் கதவின் அடியிலிருந்த இடைவெளிக்குள் விட்டு, இழுத்து, நிறுத்தி, நடுக்கி, மறுபடி விட்டுக்கொண்டிருந்தாள். பெனிட்டா சொல்லிக்கொடுத்தபடியே. எலி ஓடுவதுபோல.

"பிடி... பிடி... ஜல்தி பிடி, கண்ணு..."

கதவடியில் நாலு விரல்கள் வந்தன.

மனித விரல்கள். வாரக்கணக்கில் கட்டுப்போட்டு அவிழ்த்த தோல்போல வெளுத்து, ஊறி, சுருங்கியிருந்தன. இறகைத் தட்டின. உள்ளே போயின. காத்திருந்தன. மறுபடி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பாதம்போல, தட்டின. அக்கா தட்டையான தட்டு ஒன்றை அடியில் தள்ளினாள். பிய்த்த கோழி. உள்ளே நக்கும் சத்தம் எழுந்தது. அவசரமில்லாத சத்தம்.

சமையலறை மேடையின்மேல் சேமியா மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டியா? டூட்டி இல்லியா இன்னிக்கு?" என்றாள் அக்கா. தினமும் கேட்கும் அதே குரல். ஓட வேண்டும் என்று எழுந்த கால்களை அந்தக் குரல்தான் நிறுத்திவிட்டது.

"அக்கா... உள்ள யாரு?"

"டீ போடுதேன், இரு." சுவரைப் பிடித்து எழுந்தாள். "முன்னாலல்லாம் நீ டூட்டிக்குப் போன ராத்திரில விடிய விடியக் கதவ இடிக்கும் புள்ள. நீ சொன்ன மாதிரி விளையாட்டுக் காட்டி, நாலு வேளையாக் குடுக்க ஆரம்பிச்ச பொறவுதான் அடங்கி இருக்கு. உனக்குப் புண்ணியம்."

"யாருன்னு கேக்கேன்."

"ஒரே ஒரு கொறைதான்" என்றாள் அக்கா, பாலை அடுப்பில் ஏற்றியபடி. "கடைசில அதுக்குக் கையில ஒண்ணும் சிக்கல. முந்தாநாள் ராத்திரி மறுபடி இடிக்கத் தொடங்கிருச்சு."

பெனிட்டா டீயைத் தொடவில்லை. நான் போறேன் என்றாள். இப்போதே, பூனையோடு. அக்கா அழுவாள் என்று நினைத்து அவளைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினாள். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

"சரி புள்ள. உன்னக் கட்டாயப்படுத்தி வச்சுக்க முடியுமா? போயித் துணிய எடுத்து வை. நான் பூனையக் கூடைல போடுதேன். போனக் குடு, கீழ ஆட்டோக்காரன்ட்ட பேசி வைக்கேன். பனில ஒருத்தனும் வரமாட்டான்."

கொடுத்தாள். எட்டு மாதப் பழக்கத்தில், யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

அறையில் கைக்குச் சிக்கிய துணிகளைப் பையில் திணித்தாள். வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. ஏதோ பூட்டு திறந்தது. கிரில் பூட்டு என்று நினைத்துக்கொண்டாள். கூடைக்குள்ளிருந்து சேமியா கத்துவது வாசல் பக்கம் நகர்ந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசல் கதவு மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா?"

வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. அதன்மேல் கிரில்.

"அக்கா! கதவு பூட்டிருச்சு!"

"தெரியும் புள்ள." கதவுக்கு அந்தப் பக்கம், வெகு அருகில், மூச்சிரைக்கும் குரல். "மொதல்ல பூனையத்தான் குடுக்கணும்னு நினைச்சேன். தீனியக் கொறைச்சும் பாத்தேன், அது இளைச்சாலாவது எம் மனசு விட்டுருமான்னு. முடியல. வாயில்லாச் சீவன், மடியில வந்து படுக்குது. எனக்கு மனசு வரல."

"நான் உங்க பிள்ள மாதிரின்னு சொன்னீங்களேக்கா..."

"ஆமா. டெங்கு வந்தப்போ எம்புட்டுப் பாத்தேன் உன்ன." குரல் உடைந்தது. அழுதாள், நிஜமாகவே. "ருக்குவும் நல்ல புள்ளதான். அவள உள்ள விட்டுப் பூட்டின அன்னிக்கும் இந்தப் பூனை என் கூடையிலதான் இருந்துச்சு. இப்பிடியேதான் கத்துச்சு."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. பூனையின் கத்தல் ஒவ்வொரு வளைவிலும் சின்னதாகி, பனிக்குள் போய் அடங்கியது.

பெனிட்டா கதவை அடித்தாள். கத்தினாள். எதிர்வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கை வலித்தது. நிறுத்தினாள்.

நிறுத்தியதும் கேட்டது.

ஈரத்துணி இழுபடும் சத்தம். சுவரில் இல்லை. தரையில்.

திரும்பினாள்.

நடைபாதைக் கோடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. வெளியே, தரையோடு தரையாக, ஒன்று. நைட்டி போட்ட உடம்பு. உள்ளங்கைகளை முன்னால் ஊன்றியிருந்தது. முகத்தில் முடி. முடிக்கு நடுவே இரண்டு கண்கள். பால்கனி வெளிச்சம் பட்டு அவை பச்சையாக மின்னின.

அசையாதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஓடினால் துரத்தும். அவளுக்குத் தெரியும்.

தோளிலிருந்து பை நழுவியது.

கண்கள் பையைப் பார்த்தன. பிறகு அவளை. தலை தாழ்ந்தது. முழங்கைகள் மடிந்தன. நெஞ்சு தரையைத் தொட்டது. பிறகு, மெல்ல, மிக மெல்ல, ஆசையோடு, அதன் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடத் தொடங்கியது.