நாற்பது நிமிட நகல்

துவாலையில் சுற்றிக் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு, தையல்காரி உட்காரக்கூட இல்லை. "இதுக்குள்ள என் வீட்டுக்காரர் குரல் இருக்கு. எடுத்துக் குடுங்க" என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரைத் தெருவில் எல்லோரும் வட்டக்கா என்பார்கள். தடயவியல் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கணினி வட்டுகளை ஆராய்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டு முன்னறையில் அதே வேலை. உதவிக்கு அவருடைய கணவர், பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஆளைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. இதுவரை ஒருமுறையும் பலித்ததில்லை.

தையல்காரியின் கணவர் வானொலியில் செய்தி வாசித்தவர். தொண்டையில் கட்டி வந்து, நான்கு நாட்களுக்கு முன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு மூன்று வாரம் கணினி முன் உட்கார்ந்து, ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்திருந்தார். அவற்றை வைத்து, அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும் கருவி செய்து தருவதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் கொஞ்ச நாளா டக் டக்னு சத்தம் போட்டுச்சு. புது டிஸ்க் வாங்கி அப்படியே காப்பி பண்ணிடலாம்னு என் தம்பி சொன்னான். நேத்து காலையில பண்ணினான். நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுது. எல்லாம் இருக்கு, குரல் மட்டும் இல்ல. பழைய டிஸ்க்கும் அதோட நின்னு போச்சு."

"வேற எங்கயாவது பத்திரப்படுத்தி வச்சிருக்காரா?"

"ஒரு வெளி டிஸ்க் இருக்கு. அதுல ஒரே ஒரு ஃபைல், முந்நூறு ஜிபி. எதுலயும் திறக்கல. கெட்டுப்போன சினிமாவா இருக்கும்னு தம்பி சொல்றான்." கைப்பையிலிருந்து அதையும் மடித்த தாள் ஒன்றையும் எடுத்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எழுதி வச்சது."

வட்டக்கா படித்தார். மின்னூட்டி மேசை இழுப்பறையில் இருக்கிறது. குளிர்பெட்டிக் கதவைச் சரியாகச் சாத்து. கணினியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பயப்படாதே.

"அந்தப் படத்தையும் தேடிட்டேன். போன்லயும் இல்ல, ஆல்பத்துலயும் இல்ல."

"அவரையே கேட்டுடலாமே?" என்றார் ஓட்டுநர்.

"குரல் போயிடுச்சுன்னு டாக்டர் ஒருதரம் சொல்லியாச்சு. ரெண்டாவது தரம் நான் போய்ச் சொல்லணுமா?"

வட்டக்கா இரண்டு வட்டுகளையும் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தையல்காரி, தம்பியை அழைத்துக்கொண்டு, புது வட்டு பொருத்திய கணினியோடு வந்தாள். தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அக்காவுக்கு எட்ட நின்றான். இரண்டு நாளாக அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓட்டுநர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "இவன்தான். நின்னு போகப்போற ஐந்நூறு ஜிபி டிஸ்க், நாப்பது நிமிஷத்துல எப்படி முழுசா காப்பி ஆகும்? பொய் சொல்றான்."

"நேரம் சரிதாங்க. ஐந்நூறுங்கறதுதான் தப்பு" என்றார் வட்டக்கா. பிறகு தம்பியைப் பார்த்தார். "எந்த மென்பொருள்ல காப்பி எடுத்தீங்க?"

"நெட்ல தேடினேன். நாலஞ்சு இருந்துச்சு. ரொம்ப வேகமானதுன்னு போட்டிருந்தத எடுத்தேன். டிஸ்க் எப்ப நிக்குமோன்னு பயம்."

"அது உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா?"

"முழு டிஸ்க்கா, விண்டோஸ் இருக்கற பகுதி மட்டுமான்னு கேட்டுச்சு. ரெண்டாவதுல ஏற்கெனவே டிக் இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

வட்டக்கா கணினித் திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினார். புது வட்டின் வரைபடத்தில் முன்பாதி நிறைந்திருந்தது, பின்பாதி வெறும் கறுப்புப் பட்டை.

"பழைய வட்டு ரெண்டு பகுதியா இருந்திருக்கு. முதல்ல விண்டோஸ், ரெண்டாவதுல குரல். இவர் முதல் பகுதியை மட்டும் ஒழுங்கா காப்பி எடுத்திருக்கார். அதனாலதான் நாப்பது நிமிஷம். அழிக்கணும்னு நினைக்கறவன் அந்த ஃபோல்டரை மட்டும் அழிச்சிருப்பான், பாதி வட்டைக் காலியா விட்டு மாட்டிக்க மாட்டான். உங்க தம்பி மேல தப்பில்லம்மா, அவசரம்தான்."

தையல்காரி தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய வட்டைத் திறந்து பார்த்தேன். தேய்ஞ்சு போயிருக்கு, அதுல எடுக்க ஒண்ணுமில்ல." வட்டக்கா தாளை எடுத்தார். "ஆனா உங்க வீட்டுக்காரர் சார்ஜரை மின்னூட்டின்னு எழுதறார், ஃப்ரிட்ஜைக் குளிர்பெட்டிங்கறார். ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட விட்டுவைக்காத மனுஷன். அவர் சொல்ற படம் போட்டோ இல்லம்மா. முழு வட்டையும் ஒரே ஃபைலா மூட்டை கட்டி வைக்கறதுக்கு இமேஜ்னு பேரு. அதைத்தான் படம்னு எழுதியிருக்கார்."

"அந்தக் கெட்டுப்போன சினிமா..." என்றான் தம்பி.

"அதேதான். அது உருவான தேதி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் காலை. எந்த மென்பொருள் கட்டின மூட்டையோ, அதுவேதான் அவிழ்க்கும். ஃபைலோட தொடக்கத்திலயே அதோட அடையாளம் இருந்துச்சு, அந்த மென்பொருளை ராத்திரியே தேடி எடுத்து வச்சேன்."

வெளி வட்டைக் கணினியில் செருகி, ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் பழைய வட்டின் இரண்டு பகுதிகளும் தோன்றின. இரண்டாவதில் ஆயிரத்து இருநூறு கோப்புகள். அவற்றில் முதல் கோப்பைத் திறந்தார்.

"இன்று பிற்பகல் மழை பெய்யக்கூடும். வெளியே செல்வோர் குடை எடுத்துச் செல்லவும்" என்றது கனத்த, நிதானமான குரல்.

தையல்காரி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஓட்டுநர், தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மூவரும் மறுபடி வந்தார்கள். செய்தி வாசிப்பாளர் இளைத்திருந்தார். கழுத்தில் சின்னத் துணி, கையில் பலகை போன்ற கருவி. வட்டக்காவுக்கு முன் நின்று நிதானமாகத் தட்டினார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றது அவர் குரல்.

"படம் எடுத்தது நீங்கதானே. நான் பேரைத்தான் கண்டுபிடிச்சேன்."

அவர் தலையாட்டி மறுத்தார். மீண்டும் தட்டினார். "மருத்துவமனைக்கு வண்டி ஓட்டி வந்து, அங்கேயே காத்திருந்து, தினம் மருந்து கொடுத்தது என் மச்சான். பயந்துபோய் அவசரப்பட்டதும் எனக்காகத்தான். அவருக்கும் உங்கள் முன்னாலேயே நன்றி சொல்லத்தான் வந்தேன்."

தம்பி அத்தானின் தோளைத் தொட்டுவிட்டு, கார்க் கதவைத் திறக்க முன்னால் போனான்.