பெட்டி சரியாகத்தான் சொன்னது

அம்மா விமானி. விமானத்தில் இருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி அவர் சொன்னதிலிருந்துதான் அந்த விளையாட்டே பிறந்தது.

இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்துவிட்டால், இரண்டிலும் உள்ள பெட்டிகள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்குமாம். ஒன்று தன் விமானியிடம் "மேலே ஏறு" என்னும். மற்றது "கீழே இறங்கு" என்னும்.

அக்காவும் எதிர்வீட்டுப் பையனும் மாடி நடையில் கைகளை விரித்து எதிரெதிரே ஓடுவார்கள். சுவரோரம் நிற்கும் ஐந்து வயதுத் தம்பிதான் பெட்டி. அந்தப் பதவியில் அவனுக்குத் தலைகால் புரியாது. "மேலே" என்றால் நிமிர்ந்தபடி ஓட வேண்டும். "கீழே" என்றால் குனிந்து, எதிரே வருபவரின் கைக்கு அடியில் நுழைய வேண்டும்.

அன்று பெட்டி கத்தியது: "அக்கா மேலே! அண்ணா கீழே!"

குனிந்து நுழைவதில்தான் வேடிக்கையே. 'எப்பவும் அவனுக்கேவா?' என்று அக்காவும் குனிந்தாள்.

மடேர்!

எதிர்வீட்டுப் பையனின் முன்பல் பாதி உடைந்துவிட்டது. இனி முளைக்காத பல்.

"பெட்டி தப்பாச் சொல்லிடுச்சு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். தம்பி திருதிருவென்று விழித்தான். அக்கா குனிந்து உடைந்த பல் துண்டைத் தேடினாள்.

அன்று மாலை தம்பி சாப்பிட மறுத்தான்.

"நான் என்ன சொன்னேன்னே மறந்துடுச்சு அக்கா. என்னாலதானே அண்ணா பல்லு போச்சு?"

அக்கா எழுந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனாள்.

"பெட்டி சரியாத்தான் சொன்னான். எனக்கு மேலே, உனக்குக் கீழே. நான்தான் கேக்கல."

"ஏன்?"

"குனியணும்னு ஆசையா இருந்துச்சு."

"நீ நிமிர்ந்து வருவேன்னு நம்பித்தானே நான் குனிஞ்சேன்!"

"மன்னிச்சுடு."

"மன்னிச்சா பல்லு வந்துடுமா?"

அவன் தம்பியின் பக்கம் திரும்பினான். "உன்மேல பழி போட்டுட்டேன்டா. கோச்சுக்காத."

சில நாள் விளையாட்டே இல்லை. பிறகு ஒருநாள் அவனே வந்தான். "இனிமே நீ ஓட வேணாம். நானும் தம்பியும் ஓடுறோம். நீதான் பெட்டி," என்றான் அக்காவிடம்.

அக்கா சுவரோரம் போய் நின்றாள். இருவரும் ஓடி வந்தார்கள். பதற்றத்தில் அவள் மாற்றிக் கத்திவிட்டாள்: "தம்பி மேலே! அண்ணா கீழே!"

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். அவனுடைய குட்டைக் கைக்கு அடியில் யார் நுழைய முடியும்? நெடுநெடுவென்று வளர்ந்த அந்தப் பையன் சட்டென்று மண்டியிட்டு, தவழ்ந்தே அந்தப் பக்கம் போனான்.

"ஐயோ, தப்பாச் சொல்லிட்டேன்! அப்புறம் ஏன் குனிஞ்சே?" என்றாள் அக்கா.

முழங்காலைத் தட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "நீ சொன்னியே!"