இருபத்தேழாம் ஏடு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு, காலை 11.40. காரைக்குடி செக்காலைச் சாலையில் உள்ள ஒரு தனியார் நூலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஓலைச்சுவடியில் ஓர் ஏடு காணாமல் போயிருந்தது. மொத்தம் முப்பத்துநான்கு. இருபத்தேழாவது மட்டும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியாவை யாரும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நூல் வெளியீட்டு விருந்தினராக முதல் வரிசையில்தான் இருந்தார். சற்று முன்புவரை வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

சிரிக்க வைத்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் பூமிநாதன். வரலாறு கண்டுகொள்ளாத சில்லறை மனிதர்களைப் பற்றி வேடிக்கைக் கட்டுரைகள் எழுதுபவர். அன்று வெளியான தன் நூலிலிருந்து சொன்னது தீவட்டி மாயக்கண்ணன் கதை. ஜமீன் ஊர்வலத்தில் தீவட்டி பிடித்து நின்றபடியே தூங்கி, ஜமீன்தாரின் தலைப்பாகையைக் கொளுத்திவிட்டவன். பூமிநாதன் மேடையிலேயே தூங்கி விழுந்து காட்ட, அரங்கம் அதிர்ந்தது. கதைக்கு ஆதாரம் அந்தச் சுவடி. மாலை நான்கு மணிக்கு மதுரை ஆய்வாளர் ஒருவர் அதைப் படமெடுக்க வருவதாக இருந்தது.

பெட்டியின் பூட்டு உடையவில்லை. சாவி அலுவலக அறை ஆணியில் தொங்கியது. தேநீர் இடைவேளையில் உள்ளே போய்வந்தவர்கள் மூவர்: பூமிநாதன், நூலக உதவியாளர் நாகம்மை, பெட்டியைச் செய்த தச்சர் வீரப்பன்.

"இவுக மாயக்கண்ணன் வம்சம், மேடம்," என்றார் நாகம்மை, வீரப்பனைக் காட்டி. "தூங்குமூஞ்சி வீட்டு ஆளுன்னு டீக்கடையில கூப்புட்டதுக்குப் போன வாரம் பெரிய சண்டை."

"எதுக்கு உள்ள போனீக?"

"அறைக் கதவு இறுக்குதுன்னாக. சீவி விடப் போனேன்," என்றார் வீரப்பன்.

"கோவம் இருந்துச்சுல்ல?"

"நீங்களுந்தானே மேடம் சிரிச்சீக."

சண்முகப்ரியா அவருடைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உளிகள், இழைப்புளி, ஒரு பழைய துண்டு. ஐம்பது பேர் பார்த்தார்கள். வீரப்பன் தரையைப் பார்த்தார்.

ஏடு இல்லை.

"உக்காருங்க சார்," என்றார் சண்முகப்ரியா, நின்றுகொண்டிருந்த பேராசிரியரிடம்.

"இல்லம்மா, முதுகுவலி," என்றார் பூமிநாதன். அவர் கையிலிருந்த பேனா நழுவியது. நாகம்மைதான் எடுத்துக் கொடுத்தார்.

சண்முகப்ரியா சுவடியைக் குனிந்து பார்த்தார். பிறகு பூமிநாதனை நிமிர்ந்து பார்த்தார். மணி 12.20.

"கோவக்காரன் கட்டோட தூக்கியிருப்பான். இங்க கயித்தை அவுத்து, ஒரே ஒரு ஏட்டை உருவி, மறுபடி கோத்து வச்சிருக்கு. எதை எடுக்கணும்னு தெரிய, ஓலை எழுத்து வாசிக்கத் தெரியணும். மூணு பேர்ல அது உங்களுக்குத்தான் தெரியும், சார். நாலு மணிக்கு வர்றவுகளும் வாசிச்சிருவாக."

"என்னம்மா பேசுறீக?"

"காலையில மேடையில பொத்துன்னு விழுந்தீகளே, அப்ப இல்லாத முதுகுவலி இப்ப எங்குட்டிருந்து வந்துச்சு? ஒரு முழ ஏடு. குனிஞ்சா உடைஞ்சிரும்."

 பூமிநாதன் சட்டையின் பின்புறத்தை உயர்த்தி, வேட்டியில் செருகியிருந்த ஏட்டை உருவினார்.

"வாசிங்க," என்றார் சண்முகப்ரியா.

தணிந்த குரலில் வாசித்தார். மூன்று இரவு ஊர்வலம். மாற்றாள் இல்லை. தலைப்பாகை எரிந்ததற்கு அறுபது கசையடி. நான்காம் நாள் மாயக்கண்ணன் இறந்தான்.

"தெரிஞ்சேதான் சிரிக்க வச்சீகளா?" வீரப்பன் கேட்டார்.

"இதையும் சொன்னா யாரு சிரிப்பாக?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சண்முகப்ரியா தரையில் உட்கார்ந்து, உளிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

"அந்தச் சின்னதை மேல வைங்க, மேடம். முனை போயிரும்."

மேலே வைத்தார்.

விழா பாதியில் நின்றது. வீரப்பன் யார் மீதும் புகார் எழுதித் தரவில்லை. நூலின் முதல் பதிப்பு ஐந்நூறு பிரதிகளும் அந்த மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.