மெயின் அணைந்தும் அணையாத மூன்று விளக்குகள்

"ஆ...!"

ஒரே அலறல். பம்ப் மோட்டாரின்மேல் கை வைத்த ஆபரேட்டர், அப்படியே சாய்ந்தான்.

எழவேயில்லை!

அவன் வேறு யாருமல்லன். ஆலை எலக்ட்ரீஷியனின் தங்கை கணவன். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் செருகியிருந்ததால், எலக்ட்ரீஷியனுக்கு 'டெஸ்டர்' என்பதே பெயராகிவிட்டது.

"நேத்து கேன்டீன்ல 'நீ ஒழிஞ்சாத்தான் என் தங்கச்சிக்கு விடிவு'ன்னு இவன்தான் சார் கத்தினான்!" மேனேஜர், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரின் காதைக் கடித்தார்.

வாசலில் நின்ற தங்கை விம்மினாள்.

"அண்ணே... நீயாண்ணே?"

டெஸ்டர் மோட்டாரின் அடியில் குனிந்து பார்த்தான்.

"சார், மோட்டாரோட எர்த் கம்பி துருப்பிடிச்சு அறுந்திருக்கு. ஆனா அது மட்டும் ஆளைக் கொல்லாது; எங்க கரண்டுக்கு மண்ணோட இணைப்பே கிடையாது. மூணு கரண்டு கம்பியில ஒண்ணு மண்ணைத் தொட்டா மெஷின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். வேற கம்பி இன்னொரு இடத்துல கசிஞ்சா... அப்பத்தான் ஆளைத் தூக்கும்!"

"எந்தக் கம்பி தொட்டிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"மெயின் போர்டுல கம்பிக்கு ஒண்ணா மூணு விளக்கு இருக்கு சார். தொட்ட கம்பியோட விளக்கு மங்கிடும்."

மூவரும் நிமிர்ந்து பார்த்தனர்.

மூன்றும் பளிச்சென்று எரிந்தன!

"விளக்கு பொய் சொல்லாதுன்னா நீதானே பொய் சொல்றே?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"பத்து நிமிஷம் கொடுங்க சார்! கசியற மெஷினை அணைச்சா விளக்குல தெரிஞ்சிடும்!"

ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தான்; விளக்கைப் பார்த்தான்; மீண்டும் போட்டான். ஒன்று... நான்கு... ஒன்பது... பன்னிரண்டு!

ஒரு விளக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

"சே!" ஸ்க்ரூ டிரைவர் சுவரில் மோதித் தெறித்தது. "மூணு மாசமா 'சமமா எரியுது'ன்னு என் கையாலேயே நோட்டுல எழுதினேன்! எழவு, எங்கேதான் கசியுது?"

"முடிஞ்சுதா?"

"இல்ல சார். மொத்தமா அணைச்சிட்டு ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கறேன்!"

"மெயினைத் தொடாதேடா!" மேனேஜர் பாய்ந்து வந்தார். "புரொடக்ஷன் லைன் நிக்கக் கூடாது!"

"மாப்ளே பிணமாக் கிடக்கான்... லைனாம் லைன்!"

டடக்!

மெயின் விழுந்தது. ஆலை முழுவதும் ஊமையாயிற்று.

மேனேஜர் அறையில் மட்டும் மின்விசிறி சுழன்றது. இன்வெர்ட்டர்!

டெஸ்டர் போர்டைப் பார்த்தான்...

செத்த போர்டில், மூன்று விளக்குகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன!

பின்பக்கம் ஒரு புதிய ஒயர். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அது நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்து, இன்வெர்ட்டரில் முடிந்தது.

"ஏன் சார்?" அவன் மேனேஜர் பக்கம் திரும்பினான்.

மேனேஜர் பின்வாங்கினார். "அதுக்கு முன்னாடி தினம் ஒரு விளக்கு மங்கும்... நீயும் லைனை நிறுத்துன்னு உயிரை வாங்குவே... அதான் இன்வெர்ட்டர்ல மாட்டினேன்... ஆள் சாவான்னு நான் நினைக்கலைடா!"

தங்கை, தமையனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

விலங்கு, கை மாறியது.

"சார்... என் லைன்..." மேனேஜர் முனகினார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

"கவலைப்படாதீங்க சார். உள்ளே தட்டைத் தூக்கிட்டு தினம் மூணு வேளை நீங்கதான் 'லைன்'ல நிக்கணும்!"