இன்னும் பதினாறு வருஷம் ஆகுமாம்!

எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு லீடர் யார்? சுகாசினி. அதாவது நான்தான். ஏழாம் வகுப்பில் என்னைவிட வேகமாகத் தமிழில் டைப் செய்ய ஆள் கிடையாது. ஜெபகுமார் வரும்வரை கிடையாது.

ஜெபகுமாருக்குக் கண் தெரியாது. தாமல் கிராமத்திலிருந்து போன மாதம்தான் வந்து சேர்ந்தான். அடிக்கும் எழுத்தைக் காதில் சொல்லும் மென்பொருள் இருந்தால் போதும், கடகடவென்று அடிப்பான். எங்கள் லினக்ஸ் கணினியில் அது இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு டைப்பிங் போட்டி.

"அதுக்குள்ள அந்த மென்பொருள இன்ஸ்டால் பண்ணிடு சுகாசினி. இல்லன்னா ஜெபகுமார் கலந்துக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணவேணி மிஸ் சாப்பிடப் போனார்.

இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? கட்டளையை அடித்தேன். எரர்! மறுபடி அடித்தேன். மறுபடியும் எரர்!

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றான் பக்கத்தில் நின்ற என் வகுப்பு ராமராஜன். செய்தேன். எரர்.

"நெட் ஒயர புடுங்கி மாட்டு." மாட்டினேன். எரர்.

மணி ஒன்றே முக்கால். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடு சுகாசினி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றான் ஜெபகுமார். சொல்லும்போதே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், "ஆமா, அது என்னதான் சொல்லுது?"

"எரர்னு சொல்லிக்கினே இருக்குது."

"அது நீ சொல்றது. எனக்குத் தெரியாதில்ல? ஒரு எழுத்து விடாம படி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறினேனே தவிர, ஒரு வரிகூடப் படிக்கவில்லை! நிதானமாகப் படித்தேன்.

"ஃபைல் 'நாட் வேலிட் யெட்'. அப்படின்னா... இன்னும் செல்லாதாம்."

"எப்ப செல்லுமாம்?"

"ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நாள் கழிச்சு."

ஜெபகுமார் மனக்கணக்கில் புலி. "அடேங்கப்பா, பதினாறு வருஷம்! அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னிக்கி என்ன தேதி?"

திரையின் மூலையைப் பார்த்தேன். 2010, ஜனவரி 1.

"ஐயோ! நேத்து தேர் வந்துச்சில்ல? கம்பியில இடிக்கக் கூடாதுன்னு பகல் பூரா கரண்ட் கட். எங்க வீட்டு டிஜிட்டல் கடிகாரம்கூட காலையில பன்னண்டுன்னு காட்டிக்கினு இருந்துச்சு. இந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற பேட்டரியும் போயிடுச்சு. அதான் தேதி மறந்துடுச்சு. இப்ப வர்ற ஃபைல நம்ப மாட்டேங்குது!"

"2010ல நாம பொறக்கவே இல்ல," என்றான் ஜெபகுமார். "பொறக்காத பசங்க பேச்ச அது எப்படிக் கேக்கும்?"

சிரித்துக்கொண்டே தேதியையும் மணியையும் சரிசெய்தேன். அதே கட்டளையை அடித்தேன். வரிவரியாக ஓடி முடிந்தது. ஒரு எரரும் இல்லை!

ஜெபகுமார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு விசையைத் தட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. "'ஜ'ன்னு சொல்லுது!"

அப்போது சரியாக இரண்டு மணி அடித்தது.

முதல் பரிசு ஜெபகுமாருக்கு. இரண்டாவது நான். கொஞ்சம் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்தக் கணினி மக்கர் செய்தாலும், லீடர் செய்கிற முதல் வேலை ஒன்றுதான்.

"ஜெபகுமார், இங்க வா! படிக்கிறேன், கேளு."