தூண் எண் 417

காலை ஐந்தரைக்குப் பதிவி என்ற கணக்கெடுப்புக் கருவி பறந்து வந்துவிடும். சகாயமேரியின் கனவைப் படமெடுத்து, அவள் வயிற்றில் நேற்றுச் சாப்பிட்டதில் என்ன மிச்சம் என்று அளந்து, அதன் பிறகுதான் அவளை எழுப்பும். இரண்டாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில், மாநகரின் நடைபாதைகளில் படுத்திருந்த எல்லோருக்கும் இப்படித்தான் பொழுது விடிந்தது. வீடற்றோரின் அன்றாட வாழ்வை ஒரு நாள் விடாமல் ஆவணப்படுத்த வேண்டுமாம். ஆயிரம் நாள் பதிவை இடைவெளி இல்லாமல் முடித்தால் அடுக்ககத்தில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சகாயமேரிக்கு அறைகூடப் பெரிதில்லை. தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு கிடைத்தால் போதும். பதின்மூன்று வயது மகள் ஜெனோவா குளிக்கும்போதெல்லாம் புடவையைத் திரையாகப் பிடித்து நின்று அவளுக்குக் கை மரத்துப்போயிருந்தது.

முதல் நாளே தகராறுதான்.

"நேற்று எங்கே தூங்கினீர்கள்?" என்று பதிவி கேட்டது.

"இங்கதான். நீ பாத்துக்கினுதான இருந்த."

"நிலையான முகவரி?"

"வூடே இல்லன்றேன், அட்ரஸ் கேக்குற."

"இந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் பதிவு செல்லாது."

அதனோடு மல்லுக்கட்ட முடியுமா? தலைமாட்டில் நின்ற மிதவை ரயில் தூணை அண்ணாந்து பார்த்தாள். "தூண் நம்பர் நானூத்திப் பதினேழு. போட்டுக்கோ."

பதிவிக்குப் பரம திருப்தி.

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். காய்ச்சலில் கிடந்தபோதும், மழைத் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோதும் அவள் தூணைவிட்டு நகரவில்லை. ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எரிச்சலை எல்லாம் விழுங்கிக்கொண்டு கிடந்தாள்.

ஆயிரமாவது நாள் காலையில் தாயும் மகளும் மூட்டை கட்டிவைத்துக் காத்திருந்தார்கள்.

"வாழ்த்துகள். வீடற்றோர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டது" என்றது பதிவி.

"ரூம் எந்த மாடில?"

"அறை கிடையாது. ஆயிரம் நாளாக ஒரே முகவரியில் வசிக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் வீடு உள்ளவர்."

சகாயமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பது கண்ணு வச்சிக்கினு இருக்கியே, இங்க எங்கனா வூடு தெரியிதா உனக்கு?"

"தெரியவில்லை. பதிவில் இருக்கிறது."

"இதெல்லாம் எந்த மிசினு உனக்குச் சொல்லிக்குடுத்துது?"

"இயந்திரம் எதுவும் இல்லை அம்மா. மனிதர்கள் நூறு ஆண்டுகளாக எழுதிய அலுவலகக் கோப்புகளைப் படித்துத்தான் வேலை கற்றேன். நாற்காலியைவிட்டு எழுந்து நேரில் வந்து பார்த்ததாக அவற்றில் யாரும் எழுதவில்லை."

அது போய்விட்டது. மூட்டையைப் பிரித்தாள். வேறென்ன செய்வாள்? ஜெனோவா வாளித் தண்ணீரோடு தூணுக்குப் பின்னால் போக, சகாயமேரி புடவையை விரித்துப் பிடித்தாள்.

அரை மணியில் பச்சை நிறத்தில் இன்னொரு பதிவி வந்து இறங்கியது. வீடு உள்ளவர்களைக் கணக்கெடுப்பது அதன் வேலை.

"தூண் எண் 417-இன் குடும்பத் தலைவிதானே? குளியலறைத் தாழ்ப்பாள் உட்புறமா, வெளிப்புறமா? கட்டத்தை நிரப்பாவிட்டால்..."

புடவையைப் பிடித்திருந்த கையை இறக்காமலே அவள் அதை முறைத்தாள்.

"வெளியதான். நான்தான் தாப்பா. போட்டுக்கோ."

பதிவிக்குப் பரம திருப்தி.